பினாங்குக்குச் சொல்லவேண்டிய பதில்

பினாங்கிலிருந்து எங்களைப் பார்க்க வந்தவர் ஆசையாகக் கொண்டுவந்த கருவாட்டைத் ரப்பர் தோட்டத்துக் கேட்டிலேயே பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். அவர் என் வீட்டுக்காரரின் அக்காள் புருஷன். துறைமுகத்தில் வேலை. ஆளும் உயரம், குரலும் பெரிது. எங்கள் வாசலில் கால் வைப்பதற்கு முன்னாலேயே கத்த ஆரம்பித்துவிட்டார்.

“மனுசன் குடியிருக்கிற எடமா இது? மாட்டுக்குக்கூட ஒரு சுத்து கம்பிதான் கட்டுவான். உங்களுக்கு ரெண்டு சுத்து முள்ளுக்கம்பி கட்டியிருக்கான்!”

அவர் சொன்னது பொய்யில்லை. மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்த சமயம் அது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு நாங்கள் சோறு கொடுத்துவிடக் கூடாது என்று, தோட்டம் முழுக்கச் சிதறிக் கிடந்த லயத்து வீடுகளையெல்லாம் பிரித்து ஆலைக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் கொண்டுவந்து வைத்து, சுற்றிலும் வேலி போட்டிருந்தார்கள். கோலா பிலா போகிற சாலையிலிருந்து செம்மண் பாதையில் வெகுதூரம் உள்ளே வரவேண்டும். இருட்டினால் கேட்டைச் சாத்துவார்கள். விடிந்தால் திறப்பார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிற நாங்கள் வரிசையில் நின்று, உடம்பைத் தடவவிட்டு, வாளியைத் தட்டிக் காட்டிவிட்டுத்தான் வெளியே போகவேண்டும். ஒரு பருக்கை சோறு வெளியே போகக் கூடாது. வேலை முடிந்து திரும்பும்வரை வயிறு காயும்.

வந்தவர் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். துறைமுகத்தில் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சரக்கு ஏற்றிப் போகும் தொங்காங்கில் பாரம் தூக்கும் வின்ச் ஓட்டிய ஆள் ஊருக்குத் திரும்பிவிட்டான். அந்த இடத்துக்கு இஞ்சின் தெரிந்த ஒருவன் வேண்டும். என் வீட்டுக்காரர் எங்கள் ஆலையில் இஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தார். ரப்பர் பாலை உறைய வைத்துத் தகடாக அழுத்தும் உருளைகளை ஓட்டுகிற இஞ்சின்.

“நான் எங்க மேஸ்திரி மண்டோர்கிட்ட உன்னைப் பத்திச் சொல்லிட்டேன் மாப்ளே. அவன் எடத்தைப் புடிச்சு வச்சிருக்கான். ஒரு மாசம் தாங்கும். வர்றியா, இல்லியா?”

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

“பாப்போம் மாமா,” என்றார்.

அவருக்கு எதைக் கேட்டாலும் வருகிற பதில் அது. குழம்புக்கு மீன் வாங்கவா என்றாலும் பாப்போம். மகளுக்குக் காய்ச்சல், தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசரிடம் தூக்கிப் போகவா என்றாலும் பாப்போம். அதற்குள் நானே தூக்கிக்கொண்டு போய்விட்டு வந்திருப்பேன். அதனால் அன்றைக்கு அந்தப் பதிலை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கே போக ஆசையில்லை. கடலை நான் பார்த்ததே கிடையாது. பிறந்தது, ஆறாம் வகுப்புவரை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தது, பதினான்கு வயதில் பால் வெட்டும் கத்தி பிடித்தது, கல்யாணம் கட்டியது எல்லாம் ஒரே தோட்டம். சிரம்பானுக்கே விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் போயிருக்கிறேன். முன்பின் தெரியாத ஒரு கடற்கரைப் பட்டணத்தில் போய் என்ன செய்வது என்றுதான் தோன்றியது.

என் மனசு மாறியது கேட்டில்.

அப்போது நான் மூன்று மாதம் முழுகாமல் இருந்தேன். காலையில் எழுந்தால் குமட்டல். எதுவும் உள்ளே தங்காது. கொஞ்சம் பால் ஊற்றிய தேத்தண்ணி மட்டும்தான் ஏற்றுக்கொண்டது. அதை ஒரு போத்தலில் ஊற்றி, மூடிக்கூடப் போடாமல், கையிலேயே எல்லாருக்கும் தெரியும்படி எடுத்துக்கொண்டு போனேன். பெண்களைச் சோதிக்க ஒரு பெண்ணைப் போட்டிருந்தார்கள். அவளும் எங்கள் தோட்டத்துக்காரிதான். என் கல்யாணத்துக்கு இலை போட்டவள். போத்தலை வாங்கி மோந்து பார்த்தாள்.

“பால் ஊத்தியிருக்கே.”

“ஆமாக்கா. வயித்துல நிக்க மாட்டேங்குது. இதை மட்டும் விட்டுருங்க.”

“பாலும் சீனியும் சாப்பாடுதான் புள்ள. நான் விட்டா என்னை உள்ள தள்ளுவான்.”

துப்பாக்கியோடு நின்ற மலாய்க்காரப் பையன் எங்கள் பக்கம் திரும்பினான். அவள் உடனே போத்தலைக் கவிழ்த்துவிட்டாள். தேத்தண்ணி என் கால்மேலேயே தெறித்தது. அவள்மேல் தப்பில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். அதனால்தான் எரிச்சல் இன்னும் கூடியது. திட்டுவதற்கு ஓர் ஆள் கூட இல்லை.

அந்த வாரத்திலேயே கரு கலைந்துவிட்டது. பால் தேத்தண்ணி குடித்திருந்தால் தங்கியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. டிரசரும் தெரியாது என்றார். ஆனால் மறுபடி வேலைக்குப் போன அன்று கேட்டில் கையைத் தூக்கி நின்றபோது, இனி இங்கே இருக்கக் கூடாது என்று எனக்குள் யாரோ சொன்னது மாதிரி இருந்தது.

அன்று மாலை ஆலையிலிருந்து வந்தவரிடம் கேட்டேன். “பினாங்குக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க?”

“பாப்போம்.”

“எதைப் பாக்கணும்? எங்க போய்ப் பாக்கணும்?”

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் பார்த்தது என்னவென்றால், தோட்டத்தில் வாய் உள்ளவர்கள் எல்லாரையும் பார்த்தார். முடி வெட்டுகிறவர் பினாங்கில் உப்புக்காற்று, பிள்ளைகளுக்கு மூச்சிரைப்பு வரும் என்றார். கோயில் பண்டாரம் பூக்கட்டிப் போட்டுப் பார்த்தார். முதல் தடவை சிவப்பு வந்தது, போகலாம் என்றார். இவர் சந்தேகப்பட்டு இரண்டாம் தடவை போடச் சொன்னார். வெள்ளை வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தானாகவே, “அங்க போனா பாப்பா நல்ல ஸ்கூலுக்குப் போவும் இல்ல?” என்று கேட்டார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, வளர்த்த கோழிகளையெல்லாம் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம், “இப்ப வேணாம்னு தோணுது,” என்றார். கொடுத்த கோழியை எப்படித் திருப்பிக் கேட்பது? காலையில் பக்கத்து வீட்டில் என் கோழி முட்டையிட்டுவிட்டுக் கொக்கரிக்கும். எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

வாசலில் போட்டிருந்த கீரைப் பாத்தியில் புது விதை தூவவா வேண்டாமா என்றுகூட முடிவு செய்ய முடியவில்லை. போகிறவள் எதற்குத் தூவ வேண்டும்? இருக்கிறவள் எப்படித் தூவாமல் இருப்பது? பாத்தியில் புல் முளைத்தது.

இந்த நேரத்தில்தான் தண்ணீர்க் குழாயடியில் அந்தச் செய்தி கிடைத்தது. குடத்தோடு நின்ற ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“உனக்கென்னடி, ராணி மாதிரி இருக்கப் போறே. தனிக் குழாய், ரெண்டு அறை. இனி எங்களோட வரிசையில நிக்க வேண்டியதில்ல.”

“எங்கே?”

“தெரியாத மாதிரி கேக்குறா பாரு! ஸ்டோருக்குப் பக்கத்துல துரை உன் புருசனுக்கு வீடு குடுக்கிறாராம்ல. அவரு சரின்னுட்டாராம்ல.”

குடத்தை அப்படியே வைத்துவிட்டு ஆலைக்கு நடந்தேன். ஆலைக்குள் பெண்கள் போவது வழக்கமில்லை. இஞ்சின் இரைச்சலில் அவர் எண்ணெய்க் கையோடு நின்றுகொண்டிருந்தார். வெளியே வரச் சொல்லிக் கையை ஆட்டினேன். ரப்பர் தகடு காயவைக்கும் புகைவீட்டு ஓரத்தில் வந்து நின்றார்.

“துரைக்கிட்ட சரின்னு சொன்னீங்களா?”

“சரின்னு சொல்லல.”

“பின்ன?”

“வேணாம்னும் சொல்லல.”

“அவரு என்ன நெனச்சிருக்காரு?”

“சரின்னு நெனச்சிருப்பாரு,” என்றார், ரொம்ப யோசித்து.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. துரைக்கு இஞ்சின் ஓட்டும் ஆளை விட மனசில்லை. ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி வழியாகச் செய்தி அவர் காதுக்குப் போய், வீட்டைக் காட்டி இழுத்திருக்கிறார். இவர் இழுத்த பக்கம் சாய்ந்துவிட்டார். தனிக் குழாயும் அந்த முள்வேலிக்குள்தான் இருந்தது என்பதை யாரும் யோசிக்கவில்லை. 

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்,” என்றேன். “போயிப் பாத்துட்டு வருவோம். கண்ணால பாத்துட்டு, பிடிக்கலன்னா அங்கயே சொல்லிட்டுத் திரும்பிருவோம்.”

“லீவு?”

“உங்க அக்கா பிள்ளைக்குக் காதுகுத்துன்னு கேளுங்க.”

காதுகுத்து முந்தின வருஷமே முடிந்துவிட்டது. கிராணிக்கும் அது தெரியும் என்று நினைக்கிறேன். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பான ஆள். கண்ணாடிக்கு மேலே எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ஓம், காது குத்தத்தானே வேணும்,” என்று மட்டும் சொல்லி அனுமதிச் சீட்டைக் கொடுத்தார்.

சிரம்பானில் ரயில் ஏறி, கோலாலம்பூரில் வண்டி மாறி, வழியெல்லாம் நின்று நின்று போனோம். பாதையைக் கம்யூனிஸ்டுகள் பெயர்த்துவிடுவார்கள் என்று முன்னால் ஓர் இஞ்சினை ஓட்டிச் சோதித்துவிட்டுத்தான் எங்கள் வண்டியை விட்டார்கள். என் நான்கு வயது மகள் தூங்கிவிட்டாள். அவர் மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. பயணக் களைப்பு என்று நினைத்தேன். பிறை ஸ்டேஷனில் இறங்கிப் பினாங்குத் தீவுக்குப் போகும் ஃபெரியில் ஏறியபோது கடலைப் பார்த்தேன். எல்லாரும் சொன்ன மாதிரி நீலமாக இல்லை. தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. எண்ணெய் மிதந்தது. மகள், “அம்மா, எவ்வளவு பெரிய ஆறு!” என்றாள். அவர் ஃபெரியின் நடுவில், தண்ணீர் தெரியாத இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

அவர் அக்காளை அண்ணி என்றும் அவள் புருஷனை அண்ணன் என்றும்தான் நான் கூப்பிடுவேன். அண்ணி வீடு என்பது ஒரு கடைக்கு மேலே பலகையால் தடுத்த ஓர் அறை. அதே மாடியில் இன்னும் ஐந்து குடும்பம். ஒரே சமையலறை, ஒரே கக்கூஸ். ‘ராணி மாதிரி’ என்று குழாயடியில் சொன்னது நினைவுக்கு வந்தது. இதற்கா இவ்வளவு கத்தினார் இந்த அண்ணன் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. 

மறுநாள் காலையில் அவரை அண்ணன் துறைமுகத்துக்கு அழைத்துப் போனார். அண்ணி என்னைத் தன் வேலையிடத்துக்குக் கூட்டிப் போனாள். அரிசிக் கிட்டங்கி ஒன்றில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கிழிந்த சாக்குகளைக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார்கள். சாக்குத் தூசியில் எல்லார் புருவமும் பழுப்பாக இருந்தது. அண்ணி என்னைக் காட்டி, “தம்பி பொஞ்சாதி. கை வேகம்,” என்றாள். கங்காணியம்மாள் ஒரு சாக்கையும் ஊசியையும் என் மடியில் போட்டாள். தைத்துக் கொடுத்தேன். இழுத்துப் பார்த்துவிட்டு, “வர்றதுன்னா வா. நாளைக்கே வந்தாலும் சரி,” என்றாள். அவ்வளவுதான். ஒரு மாதமாக நாங்கள் கேட்டுக் கேட்டுச் செத்த கேள்விக்கு எனக்கு வந்த பதில் இவ்வளவு சுருக்கமாக இருந்தது.

நடுப்பகலில் அண்ணி வாங்கிக் கொடுத்த பருப்பு வடையைத் தெருவில் நடந்துகொண்டே தின்றேன். பாதி தின்றபிறகு திடுக்கென்று சேலைக்குள் மறைத்தேன். எதிரே ஒரு போலீஸ்காரர் வந்துகொண்டிருந்தார். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

“ஏன் ஒளிக்கிறே?” என்று அண்ணி கேட்டாள்.

வடையை வெளியே எடுத்தேன். மிச்சத்தையும் அங்கேயே நின்று தின்று முடித்தேன்.

போகத்தான் வேண்டும் என்ற முடிவோடு துறைமுகத்துப் பக்கம் போனால், அண்ணன் மட்டும் எதிரே வந்தார். முகம் கறுத்திருந்தது.

“உன் புருசன் மானத்தை வாங்கிட்டான் தங்கச்சி. மண்டோர் நிக்கிறான், வின்ச் இருக்கு, ஏறி ஒரு தடவை ஓட்டிக் காட்டுடான்னா, பலகையில காலை வைக்க மாட்டேங்கிறான். சின்னப் புள்ள மாதிரி அழறான். நான் யாரு முகத்துல முழிக்கிறது?”

கரையோரத்துக் கல்மேடையில் அவர் உட்கார்ந்திருந்தார். தலை குனிந்திருந்தது. மகளை அண்ணியிடம் விட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கு இரக்கம் வரவில்லை. இத்தனை நாள் சேர்த்து வைத்த எரிச்சல்தான் வந்தது.

“தண்ணின்னா பயம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? ஒரு மாசம்! கோழியெல்லாம் போச்சு!”

“தண்ணி இல்ல,” என்றார்.

“பின்ன என்ன?”

ஒரு தொங்காங் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனது. அது போய் முடிந்தபிறகு பேசினார்.

ஜப்பான்காரன் காலத்தில் அவர் சயாமுக்குப் போனவர் என்பது எனக்குத் தெரியும். சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட எங்கள் தோட்டத்திலிருந்து கொண்டுபோன ஆட்களில் திரும்பி வந்த சிலரில் ஒருவர். அவர் தம்பி அங்கே செத்துப்போனான் என்பதும் தெரியும். அதற்கு மேல் அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. திரும்பி வந்த யாரும் பேசமாட்டார்கள். யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

“புடிச்சுக்கிட்டுப் போகல எங்களை,” என்றார். “முதல் தடவை வந்தப்ப புடிக்கல. காலையில பேரு கூப்பிடுற பெரட்டுக்களத்துல நிக்க வச்சுச் சொன்னான். நல்ல வேலை, நல்ல சாப்பாடு, மூணு மாசத்துல திரும்பிரலாம்னான். வர்றியா இல்லியான்னு கேட்டான். தம்பி என் மூஞ்சியைப் பாத்தான். அவன் எதுக்கும் என் மூஞ்சியைத்தான் பாப்பான். நான்தான் சொன்னேன், போவோம்டான்னு.”

கையை விரித்துப் பார்த்துக்கொண்டார்.

“அதுக்கப்புறம் அந்த வார்த்தை வாயில வரமாட்டேங்குது. மாமா வந்து நல்ல வேலை, வர்றியா இல்லியான்னு கேட்டாரு பாரு, அப்பவே அந்தப் பெரட்டுக்களம் ஞாபகம் வந்துருச்சு. இன்னிக்கு அந்த மண்டோரும் அதையே கேக்குறான். பக்கத்துல தம்பி நிக்கிற மாதிரியே இருந்துச்சு.”

“முதல்லயே சொல்லியிருந்தா நான் வேணாம்னு விட்டிருப்பேன்ல.”

“அதான் சொல்லல. கேட்டுல உனக்கு என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? உனக்குப் போகணும். நான் எப்படி வேணாம்னு சொல்லுவேன்?”

இத்தனை காலம் பக்கத்தில் படுத்தவரை அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஆனால் அதை அறிந்துகொண்டதால் மனசு லேசாகிவிடவில்லை. ஒரு மாதமாக இவர்மேல் கோபப்பட்டாவது என் ஆத்திரத்தை இறக்கி வைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அதற்கும் வழியில்லை. கேட்டில் நின்ற பெண்மேல் கோபப்பட முடியாதது போலவே இவர்மேலும் முடியாது. தம்பி செத்த மனுஷனிடம் இன்னொரு தடவை ரயிலேறி வா என்று எப்படிக் கேட்பேன்? கேட்காமல், அந்த வேலிக்குள் எப்படித் திரும்பி நிற்பேன்?

“நீ சொல்லு,” என்றார். “போவோம்னா போவோம்னு நீயே சொல்லு. நான் வரேன். என் வாயால மட்டும் சொல்லச் சொல்லாதே. அந்தத் தொங்காங்லயும் ஏறச் சொல்லாதே.”

இப்படியாக அந்தப் பதில் என் தலையில் வந்து விழுந்தது. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று நீங்கள் நினைக்கலாம். தோட்டத்துக்குத் திரும்பிய பிறகுதான் அதன் கனம் தெரிந்தது. வின்ச் வேலை போய்விட்டது. வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். அங்கே எனக்கு மட்டும்தான் வேலை, அதுவும் சாக்குத் தைப்பது. இங்கே அவருக்கு நிலையான வேலை, தனிக் குழாயோடு வீடு. கணக்குப் பார்த்தால் யாராக இருந்தாலும் இரு என்றுதான் சொல்வார்கள். பிள்ளைக்கு அங்கே ஏதாவது ஆகிவிட்டால்? இவர் வேலையில்லாமல் தெருவில் நின்றால்? இவர் ஏன் எல்லாவற்றுக்கும் பாப்போம் என்றார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. நானும் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். மரத்தை வெட்டும்போதும் பார்த்தேன், பாலைச் சேர்க்கும்போதும் பார்த்தேன்.

முடிவு செய்ய வைத்தது ஒரு சின்ன விஷயம். மாலையில் மகள் மற்றப் பிள்ளைகளோடு வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். ஒரு சிறுமி குச்சியோடு நின்றாள். மற்றவர்கள் வரிசையில் வந்து, ஒவ்வொருவராகக் கையைத் தூக்கி நின்றார்கள். குச்சிக்காரி அவர்களை மேலிருந்து கீழாகத் தடவினாள். என் மகளின் முறை வந்தது. யாரும் சொல்லாமலே பாவாடை மடிப்பை உதறிக் காட்டினாள். அவ்வளவு பழக்கமாக, அவ்வளவு அழகாக.

நான் உள்ளே போய், “போவோம்,” என்றேன்.

அவர் தலையாட்டினார்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் அலைச்சல். விலாசம் மாற்றாமல் அடையாளக் கார்டு வைத்திருப்பது குற்றம். கோலா பிலா போலீஸ் ஸ்டேஷனில் துரையின் கடிதம் கேட்டார்கள். துரை கொடுக்க மாட்டேன் என்றார். வீடு தருகிறேன் என்றேனே, நன்றி கெட்டவன் என்று மலாயிலும் இங்கிலீஷிலும் திட்டினார். என் வீட்டுக்காரர் மூன்று தடவை போய் மூன்று தடவையும் திரும்பி வந்தார். நாலாவது தடவை நானும் போய் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தேன். வேலைக்குப் போகவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. தோட்டத்து மண்டோர் வந்து மிரட்டினார். வெயில் ஏறியது. கடைசியில் கிராணி உள்ளே போய் என்ன பேசினாரோ தெரியாது, கையெழுத்தோடு வந்தார்.

“தங்கச்சி, அங்க போய்க் கஷ்டமெண்டால் திரும்பி வராதேயுங்கோ,” என்றார். “இந்தத் துரை சேர்க்க மாட்டார்.”

நாங்கள் புறப்பட்டது மழைக்காலத்தில். அண்ணன் எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. துறைமுகத்து மண்டோரிடம் பட்ட அவமானத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை. அண்ணியின் அறையில் எத்தனை நாள் ஒண்டுவது? சந்து ஒன்றின் கோடியில் தகரக் கூரை போட்ட ஒரு வீடு பார்த்துக் குடியேறினோம். நான் சாக்குத் தைக்கப் போனேன். தூசியில் இருமல் வந்தது. அவர் வேலை தேடிப் போவார். யாராவது “வர்றியா?” என்று கேட்டால் திரும்பி வந்துவிடுவார். சில மாதம் இப்படியே போயிற்று. சோறாக்குவார், பிள்ளைக்குத் தலை வாருவார், சந்துக்காரிகள் சிரிப்பார்கள். வேலை முடிந்து வந்து நான் ஒரு வார்த்தை சுள்ளென்று சொல்லிவிடுவேன். சொன்னபிறகு எனக்கே ஆத்திரமாக இருக்கும். போவோம் என்று சொன்னவள் நான். திட்டினால் என்னைத்தான் திட்டிக்கொள்ள வேண்டும்.

ஒரு நாள் பெய்த மழையில் கூரை நாலு இடத்தில் ஒழுகி, படுக்கை நனைந்து, நான் தைக்கக் கொண்டுவந்திருந்த சாக்குக் கட்டும் ஊறிப்போய்விட்டது. நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். கடலை, மழையை, பினாங்கை, அவர் அக்காவை, எல்லாரையும். அவர் போய் எங்கிருந்தோ ஓர் ஏணியும் ஒரு டின் தாரும் வாங்கி வந்து, மழை விட்டதும் கூரைமேல் ஏறினார். கீழே நின்று நான் எங்கெங்கே ஒழுகுகிறது என்று கத்திக்கொண்டிருந்தேன். இரண்டு ஓட்டையை அடைத்திருப்பார். திடீரென்று சத்தமே இல்லை.

“என்ன ஆச்சு?”

“இஞ்சின் ஒண்ணு ஓடுது. கேக்குதா?”

“எனக்கு ஒண்ணும் கேக்கல. அந்த மூலையை அடைங்க.”

“ஒழுங்கா ஓடல. அடைச்சு அடைச்சு ஓடுது. கறுப்பாப் புகை வேற போவுது பாரு.”

மீன் சந்தைக்குப் பின்னால் இருந்த ஐஸ் ஆலையை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறங்கினார். கையைத் தாரோடு சுவரில் துடைத்தார், சட்டையை மாட்டினார், பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். எங்கே என்று கேட்டேன். காதில் விழவில்லை.

அவர் திரும்பி வரும்போது விளக்கு வைத்தாகிவிட்டது. முழங்கைவரை எண்ணெய். நாளைக்கும் வரச் சொன்னார்கள் என்றார். அதற்குப் பிறகு கண் மங்கி வேலையை விடும்வரை அந்த ஐஸ் ஆலையில்தான் இருந்தார். ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்கு எனக்குச் சந்தோஷப்படக்கூட நேரமில்லை. கூரையில் இன்னும் இரண்டு ஓட்டை அப்படியே இருந்தது, ஏணிக்காரன் ஏணியைத் திருப்பிக் கேட்டு வாங்கிப் போயிருந்தான், மழை மறுபடி பிடித்துக்கொண்டது. நானும் மகளும் பானையையும் சட்டியையும் இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தோம்.

“அந்தக் குண்டானைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க,” என்றேன், அவரை நிமிர்ந்து பார்க்காமலே.

தள்ளினார்.